எறும்புகள் தூக்கிப் போன தளபதி

பல்செட் கட்டுபவரின் தளபதியை எறும்புகள் தூக்கிக்கொண்டு போனது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றரை மணிக்கு. தளபதி ஈயத்தில் வார்த்தவர், கட்டைவிரல் உயரம், குதிரை இல்லாமல் நடந்தே போர் நடத்துகிறவர். எறும்புகள் நானூறுக்குக் குறையாது என்று பல்செட் கட்டுபவரின் மனைவி சொல்கிறார். அவர் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர் என்பதால், பார்வை சம்பந்தப்பட்ட விஷயங்களில் அவர் பேச்சை எங்கள் ஊரில் யாரும் மறுப்பதில்லை. மேசையின் இடது கால் வழியாகத் தளபதியை இறக்கி, தரையைக் குறுக்காகக் கடந்து, பிளாஸ்டர் மாவு டப்பாக்கள் அடுக்கிய அலமாரிக்குப் பின்னால் சுவரில் இருந்த விரிசலுக்கு எறும்புகள் கொண்டுபோயின. விரிசலில் தொப்பி இடித்தது. அவை கொஞ்ச நேரம் யோசித்து, அவரைப் படுக்கவைத்து, தலை முன்னால் போகும்படி திருப்பி உள்ளே இழுத்துக்கொண்டன. மொத்தம் பத்து நிமிடம் ஆயிற்று. அந்தப் பத்து நிமிடமும் பல்செட் கட்டுபவர் பிரஷ்ஷைப் பிடித்த கையோடு சிலையாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய அக்கா சிரித்துக்கொண்டிருந்தார்.

அக்காவும் தம்பியும் ஒரே கட்டடத்தில் இருக்கிறார்கள். கீழே தம்பியின் பட்டறையும் வீடும், மாடியில் அக்கா. அக்கா லிஃப்ட் பரிசோதகர். புதிதாகப் பொருத்திய லிஃப்ட் ஒவ்வொரு மாடியிலும் தரைக்குச் சமமாக நிற்கிறதா, கதவிடுக்கு எவ்வளவு என்றெல்லாம் அளந்து, எல்லாம் ஒழுங்காக இருந்தால் 'சரிபார்க்கப்பட்டது' என்று தேதியோடு ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டுவது அவர் வேலை. வாழ்நாளில் ஒரு விதியையும் மீறியவர் இல்லை. ஆளில்லாத தெருவிலும் பச்சை விளக்கு எரியும் வரை நிற்பார். தம்பி நேர் எதிர். அவர் பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சை வைத்துக்கொண்டு, முகம் தெரியாதவர்களின் வாய்க்குப் பல் செய்பவர். பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் போனாலே தலைசுற்றும் என்று ஊர் எல்லையைத் தாண்டாதவர். லிஃப்ட் பரிசோதகரின் தம்பி இன்றுவரை லிஃப்டில் ஏறியதில்லை என்பதை நாங்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்து இப்போது அலுத்துவிட்டது. இவர்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்று. அக்காவுக்குப் பதினொரு வயதும் தம்பிக்கு எட்டு வயதும் ஆனபோது சாப்பாட்டு மேசையில் தொடங்கிய படை விளையாட்டு. சிவப்புப் படை அக்காவுக்கு, நீலப் படை தம்பிக்கு. பகடையை உருட்டி, இன்ச் டேப்பால் அளந்து படைகளை நகர்த்துவார்கள். அளப்பதில் அக்கா ஒரு நூல் இடைவெளி விடமாட்டார். பெயின்ட் அடிப்பதில் தம்பியை மிஞ்ச ஆளில்லை. பெயின்ட் அடிக்காத ஆள் களத்தில் இறங்கக்கூடாது என்பது அவர்களாகவே போட்டுக்கொண்ட சட்டம். வேலைக்குப் போன பிறகும், தம்பிக்குக் கல்யாணம் ஆன பிறகும் சாப்பாட்டு மேசை சாப்பாட்டுக்குக் கிடைக்கவே இல்லை.

அந்தத் தளபதியை வார்த்த வெளிநாட்டுப் பட்டறை மொத்தம் நாற்பது உருப்படி செய்துவிட்டு அச்சை உடைத்துவிட்டது. தபாலில் வந்த ஒன்றை வைத்துக்கொண்டு தம்பி ஏழு மாதம் உட்கார்ந்தார். பல்லின் நிறத்தை அரை இழை பேதத்தில் பிரித்துப் பார்க்கும் கண் அவருடையது. சட்டைப் பொத்தான் ஒன்பதிலும் வெளிச்சம் விழும் பக்கம், விழாத பக்கம் என்று தனித்தனியாகத் தீட்டினார். கண்களைக் கடைசிக்கு வைத்திருந்தார். அந்தச் செவ்வாய்க்கிழமை வலது கண்ணை முடித்துவிட்டு, முகத்துக்கு ஒரு மெல்லிய பூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். தம்பி இடதுகைக்காரர். பிரஷ் அலசும் தண்ணீர் எப்போதும் அவருக்கு இடது பக்கம் இருக்கும். அன்றைக்கு வலது பக்கம் முழுக்கப் போர்க்களம் பரப்பியிருந்ததால், அக்கா தன் டீ கப்பை இடது பக்கம் வைத்தார், அதுவும் தண்ணீர்க் கப்புக்கு முன்னால். தம்பி தலை நிமிராமல் மூன்று தடவை டீயில் நனைத்து, மூன்று தடவையும் தளபதியின் முகத்தில் பூசினார். பிரஷ் பிடிக்கிறவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது செய்கிற பிழைதான் இது. ஆனால் அக்கா டீயில் மூன்று ஸ்பூன் சர்க்கரை போடுவார். மற்றதை எறும்புகள் பார்த்துக்கொண்டன.

டீயை அங்கே வைத்தது யார் குற்றம் என்று அவர்கள் சண்டை போட்டதாகத்தான் ஊரில் பேச்சு. உண்மை அதுவல்ல. அக்கா சிரித்தார், அதுதான் விஷயம். ஏழு மாத உழைப்பு தரையில் ஊர்ந்து போகும்போது கூடப் பிறந்தவள் சிரித்தது தம்பியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. "உனக்கு இது வெறும் பொம்மைதானேக்கா" என்றார். அதற்கு மேல் பேசவில்லை, பதினோரு வருடம். பாதியில் நின்ற ஆட்டத்தின் மேல் ஒரு போர்வையைப் போர்த்தினார். ஒரு விரல் உயரப் பொம்மைக்கு இத்தனை வீம்பா என்று கேட்கிறவர்கள் உண்டு. ஏழு மாதம் ஒரே காரியத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தால் அப்படிக் கேட்கமாட்டார்கள். தம்பியின் மனைவிதான் மாடிப்படியில் ஏறி இறங்கித் தூது போனார். "தண்ணி டேங்க் நிரம்பிடுச்சாம், சொல்லச் சொன்னாருக்கா" என்பார் மேலே. "மோட்டரை நிறுத்தியாச்சாம்" என்பார் கீழே. ஆனால் தம்பி பல்லைத் தேய்க்கும் மெஷினின் கீச்சென்ற சத்தம் தரை வழியாக அக்காவுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. அதை வைத்தே அவன் எழுந்துவிட்டான், சாப்பிடப் போகிறான், இன்றைக்குக் கடைவாய்ப்பல் வேலை என்றெல்லாம் தெரிந்துகொள்வார். கீழே தம்பிக்கு அக்காவின் காலடி கேட்டது. அக்கா வெளியூர் போன நாட்களில் அவர் கட்டிய பல்செட்டுகள் கொஞ்சம் இறுக்கமாக இருந்தன என்பதை, அவற்றைப் போட்டுக்கொண்டவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

அக்காவின் கம்பெனி வெளிநாடுகளில் லிஃப்ட் பொருத்தத் தொடங்கியது சண்டைக்கு அடுத்த வருடம். எங்கே அனுப்பினாலும் அவர் போனார். நாற்பதில் இன்னொன்று எங்கேயாவது இருக்கும், வாங்கி வந்து தம்பியின் வாசலில் வைத்துவிட்டால் மன்னிப்பு என்கிற வார்த்தையை வாயால் சொல்லாமல் தப்பித்துவிடலாம் என்பது அவர் கணக்கு. அந்த வார்த்தை அவருக்கு வராது, சின்ன வயதிலிருந்தே வராது. முதல் ஊரில் வேலை முடிந்த மத்தியானம் விடுதியை விட்டு வெளியே வந்து மூன்றாவது திருப்பத்தில் திரும்பினார், படை உருவங்கள் விற்கிற கடை இருந்தது. ஒரு சலவைக் கடைக்கும் சாவி வெட்டுகிறவருக்கும் நடுவில், ஒரு ஆள் அகலத்துக்குக் கண்ணாடிக் கதவு, உள்ளே தரையிலிருந்து கூரை வரை பெட்டிகள். இரண்டாவது ஊரிலும் மூன்றாவது திருப்பத்தில் இருந்தது, பாலத்துக்கு அடியில். மூன்றாவது ஊரில் ஒரு அலுவலகக் கட்டடத்தின் நான்காவது மாடியில் இருந்தது. அங்கே லிஃப்ட் தரைக்கு இரண்டு விரல் தாழ்வாக நின்றதைப் பார்த்துவிட்டு அவரால் சும்மா போக முடியவில்லை, யாரும் கேட்காமலேயே சரிசெய்து கொடுத்துவிட்டுத்தான் கடைக்குள் போனார். அதற்குப் பிறகு அவர் முகவரி கேட்பதை விட்டுவிட்டார். இறங்குவார், மூன்று திருப்பம் நடப்பார், கதவைத் தள்ளுவார்.

அந்தக் கடைகளைப் பற்றி அக்கா சொல்லக் கேட்க வேண்டும். வாய் வலிக்கும்வரை சொல்வார். சின்னச் சின்னப் பெயின்ட் சீசாக்கள் வரிசையாக இருக்கும், ஒரே சிவப்பில் பதினாறு சிவப்பு. தக்கையில் செதுக்கிய மலைகளும், ஸ்பாஞ்சைப் பிய்த்து ஒட்டிய மரங்களும், தீக்குச்சியில் கட்டிய பாலங்களும் இருக்கும். லாரி ஓட்டுகிறவரும் நீதிமன்றத்தில் தட்டச்சு செய்கிறவரும் மூக்கோடு மூக்கு உரச ஒரே உருவத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். யாரும் யாருடைய பெயரையும் கேட்பதில்லை. 'எந்தப் படை?' என்பார்கள். சிவப்பு என்று சொன்னால் போதும், நாற்காலியை இழுத்துப் போட்டுவிடுவார்கள். அறிமுகமில்லாத ஒருத்தி பாஷை தெரியாமல் உள்ளே வந்திருக்கிறாளே என்று எந்த ஊரிலும் ஒருவரும் முகம் சுளித்ததில்லை. அடுத்தவர் உருவத்தைக் கேட்காமல் தொடமாட்டார்கள், தொட்டாலும் தலையைப் பிடித்துத் தூக்காமல் பீடத்தைப் பிடித்தே தூக்குவார்கள். தோற்றவர் மலைகளை எடுத்துவைப்பார், ஜெயித்தவர் கூடவே நின்று மரங்களை எடுத்துக் கொடுப்பார். இவ்வளவு மரியாதையை ஒரே இடத்தில் நான் பார்த்ததில்லை என்று அக்கா சொல்கிறார். லிஃப்ட் திறப்பு விழாக்களுக்கு எத்தனையோ பெரிய மனிதர்கள் வந்து பார்த்தவர் அவர்.

ஒவ்வொரு கடைக்கும் பின்னால் விளையாடுவதற்கென்று ஒரு பெரிய அறை இருந்தது. ஐந்தாவது ஊரில் அந்தப் பின்னறையின் ஆணியில் அக்கா தன் குடையை மறந்து மாட்டிவிட்டு விமானம் ஏறிவிட்டார். எட்டு மாதம் கழித்து, கடல் தாண்டி இருந்த ஆறாவது ஊரின் பின்னறையில், அதே ஆணியில், அதே குடை தொங்கியது. துணி ஈரமாக இருந்தது. வேறு யாராக இருந்தாலும் தலை கால் புரியாமல் ஓடியிருப்பார்கள். அக்கா பரிசோதகர் அல்லவா, மேசைக்கு அடியில் குனிந்து அதன் காலில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கரைத் தேதி போட்டு ஒட்டிவிட்டு வந்தார். ஏழாவது ஊரில் குனிந்து பார்த்தார், ஸ்டிக்கர் இருந்தது. எட்டாவதிலும் இருந்தது, ஓரம் மட்டும் லேசாக உரிந்திருந்தது. உலகத்திலுள்ள எல்லா ஊர்க் கடைகளுக்கும் பின்னறை ஒன்றுதான் என்பது இப்படி நிரூபணம் ஆயிற்று. அவரவர் எந்தக் கதவு வழியாக வந்தாரோ அந்தக் கதவு வழியாகவே திரும்பிப் போனார்கள், அதனால் குழப்பமும் இல்லை. அக்கா தன் குறிப்பேட்டில் 'ஒரே அறை, வாசல்கள் பல, காற்றோட்டம் போதுமானது' என்று எழுதிவைத்தார்.

பன்னிரண்டாவது ஊரில்தான் அது நடந்தது, சண்டை நடந்து பதினோரு வருடம் முடிந்திருந்த சமயம். பின்னறையில் கதவோரமாக ஒரு சின்ன அலமாரி உண்டு. தரையைக் கூட்டும்போது கிடைக்கிற உருவங்களை அதில் வைப்பார்கள், எல்லாம் வாசலைப் பார்த்தபடி. அவற்றை விற்கவும் மாட்டார்கள், எறியவும் மாட்டார்கள். பெயின்ட் அடித்தவர் வந்தால் எடுத்துக்கொண்டு போகலாம், மற்றவர்கள் தொடக்கூடாது. அன்றைக்கு அக்கா பார்த்தபோது மேல்தட்டில் தளபதி நின்றுகொண்டிருந்தார். ஒன்பது பொத்தானும் மின்னின. முகம் டீ நிறத்தில் இருந்தது, சர்க்கரையை எறும்புகள் சுத்தமாக நக்கித் தீர்த்திருந்தன. வலது கண் திறந்திருந்தது. இடது கண் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. பொம்மைதானே என்று தான் நினைத்ததே இல்லை என்பதை அக்காவுக்கு யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும்போல இருந்தது.

பின்னறைக்குப் பொறுப்பாக ஒரு நெட்டையான பெண்மணி இருந்தார். இரண்டு கண்ணாடிகளைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். அவர் எந்த மொழி பேசினார் என்று அக்காவுக்கு இன்றுவரை சொல்லத் தெரியவில்லை, புரிந்தது, அவ்வளவுதான்.

"இதுக்குப் பெயின்ட் அடிச்சது நீங்களா?" என்று அவர் கேட்டார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தளபதி கைப்பைக்குள் வந்திருப்பார். அக்காவால் முடியவில்லை. "என் தம்பிங்க" என்றார்.

"அப்ப அவரையே வரச் சொல்லுங்க."

"அவன் பஸ்ல கூட ஏறமாட்டான். அதோட, எங்கூடப் பேசியே பதினோரு வருஷம் ஆச்சு."

"அது உங்க வீட்டு விஷயம், இது அலமாரி விஷயம்" என்றார் நெட்டையம்மா. கடுமையாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, உட்கார ஒரு நாற்காலியும் காகிதக் கப்பில் டீயும் கொடுத்தார்.

அக்கா டீயைத் தொடாமல் அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எறும்பு வரிசை கண்ணில் பட்டது. எதிர்ச் சுவரில் காலிப் பெட்டிகள் அடுக்கியிருந்த இடத்திலிருந்து அது கிளம்பி வந்துகொண்டிருந்தது. எழுந்து போய்ப் பெட்டிகளை விலக்கினார். குறுகலான ஒரு கதவு. "அந்தப் பக்கம் கடையே இல்லீங்க, எறும்பு மட்டும்தான் வந்து போகும்" என்றார் நெட்டையம்மா. அக்கா கதவில் காதை வைத்தார். கீச்சென்று ஒரு சத்தம், நிறுத்தி நிறுத்தி, நடுவில் ஊதித் தூசி தட்டுகிற இடைவெளியோடு. பதினோரு வருடம் தரை வழியாகக் கேட்ட சத்தம் அவருக்குத் தெரியாதா? இன்றைக்கு முன்பல் வேலை என்பது வரைக்கும் தெரிந்தது. கதவை இழுத்தார். எதிரே ஒரு பலகை மறைத்தது, பிளாஸ்டர் டப்பாக்கள் அடுக்கிய அலமாரியின் முதுகு. அதில் மூன்று தடவை தட்டினார். மெஷின் நின்றது.

"தம்பி, அலமாரிய நகர்த்து."

பல்செட் கட்டுபவரின் மனைவி அப்போது பட்டறையில்தான் இருந்தார். அவர் சொல்வதன்படி, தம்பி முதலில் மாடியைப் பார்த்தாராம், பிறகு சுவரைப் பார்த்தாராம், கையிலிருந்த பல்லை மெதுவாகக் கீழே வைத்தாராம்.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டார் தம்பி. பதினோரு வருடத்துக்குப் பிறகு பேசிய முதல் வார்த்தை அது.

"வலது பக்கம்."

"எனக்கு வலதா, உனக்கு வலதா?"

"உனக்கு."

அலமாரி நகர்ந்தது. பிளாஸ்டர் தூசிக்கு நடுவில், வெளியூர்க் கோட்டும் கையில் குடையுமாக அக்கா நின்றார். "உன் ஆளு அங்க நிக்கிறான். நீதான் வந்து எடுக்கணும், நான் தொடல" என்றார். "எத்தனை கண்ணு இருக்கு?" என்று கேட்டார் தம்பி. "ஒண்ணுதான். நீ விட்டபடியே." தம்பி திரும்பிப் போய் இருப்பதிலேயே மெல்லிய பிரஷ்ஷை எடுத்து, நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கினார். அக்கா வாசற்படியிலேயே நின்றுகொண்டு, "அன்னிக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாதுடா. தப்பு" என்றார். எங்கிருந்து வந்ததோ, அந்த வார்த்தை வந்துவிட்டது. தம்பி பிரஷ்ஷைப் பார்த்தபடி, "நானும் கப்பை ஒரு தடவையாவது மோந்து பாத்திருக்கணும்" என்றார். பிறகு ஊர் எல்லையைத் தாண்டாத அந்த மனிதர் இரண்டே அடியில் கடல் கடந்தார். தலைசுற்றவில்லை என்று அவர் மனைவி தனியாகக் குறிப்பிடுகிறார்.

பின்னறையில் ஆட்டங்கள் நின்றன. எல்லா ஊர்க்காரர்களும் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்கள். நெட்டையம்மா பீடத்தைப் பிடித்துத் தளபதியை எடுத்துத் தம்பியின் முன்னால் வைத்தார். அவருக்கு இடது பக்கம் தண்ணீர் வைத்தார், தன் கண்ணாடிகளில் ஒன்றையும் கழற்றிக் கொடுத்தார். தம்பி டீ நிறத்து முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெயிலில் நடந்த முகம் மாதிரி இருக்கிறது, இதையே வைத்துக்கொள்ளலாம் என்றார். இடது கண்ணுக்கு நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டார். அந்த நாற்பது நிமிடமும் அக்கா தன் காகிதக் கப்பை எடுத்துக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். மேசையில் வைக்கவில்லை, பெஞ்சில் வைக்கவில்லை, ஒரு வாய் குடிக்கவும் இல்லை. டீ ஆறி ஆடை கட்டியது. பிரஷ்ஷை வைத்துவிட்டுத் தம்பி நிமிர்ந்தபோது முதலில் பார்த்தது அந்தக் கப்பைத்தான். அவர் கண் கலங்கியது அதைப் பார்த்துத்தான், தளபதியைப் பார்த்து அல்ல.

அக்காவின் பாஸ்போர்ட்டில் மட்டும் கொஞ்சம் சிக்கல் வந்தது. போன முத்திரை இருந்தது, திரும்பி வந்த முத்திரை இல்லை. விடுதியில் விட்டுவந்த பெட்டியை அவர் மறுநாள் பட்டறைச் சுவர்க் கதவு வழியாகவே போய் எடுத்து வந்துவிட்டார். பாஸ்போர்ட் அலுவலகத்தில் இரண்டு மாதம் கடிதம் எழுதிப் பார்த்துவிட்டு, 'தம்பி வீட்டு வழியாக வந்து சேர்ந்தார்' என்று குறித்துக் கோப்பை மூடினார்கள். போர்வை எடுக்கப்பட்டது. சிவப்புப் படை தோற்றது, அக்கா மலைகளை எடுத்துவைத்தார், தம்பி மரங்களை எடுத்துக் கொடுத்தார். அலமாரி இப்போது பட்டறையின் வேறு மூலையில் இருக்கிறது, கதவுக்கு நகராட்சி எண் கொடுத்திருக்கிறது. எங்கள் ஊருக்கு வேலையாக வருகிற வெளிநாட்டுக்காரர்கள் சிலர், விடுதியிலிருந்து மூன்றாவது திருப்பத்தில் பல்செட் பட்டறையைப் பார்த்துவிட்டு, எதற்கென்று தெரியாமலேயே கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். எந்தப் படை என்று தம்பி கேட்கிறார். பல்லுக்காகக் காத்திருப்பவர்கள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து அவர்களுக்கு வழிவிடுகிறார்கள், எறும்புகளுக்கும்.

அக்கா இன்னும் மூன்று ஸ்பூன் சர்க்கரைதான் போடுகிறார். ஆனால் தம்பி பிரஷ் பிடித்திருக்கும்போது கப்பைக் கீழே வைப்பதே இல்லை. "வையேன்க்கா, கை சுடல?" என்று தம்பி எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. போன மாதம் ஒரு நாள் அக்கா உள்ளே வந்தபோது, பிரஷ் அலசும் தண்ணீர் மேசையின் வலது ஓரத்துக்குப் போயிருந்தது. இடதுகைக்காரர் ஒவ்வொரு தடவையும் நெஞ்சைச் சாய்த்து, கையைக் குறுக்கே நீட்டி நனைத்துக்கொண்டிருந்தார். இடது பக்கம் ஒரு கப் வைக்கிற அளவுக்குத் துடைத்து வைத்திருந்தார். அக்கா கொஞ்ச நேரம் அந்த இடத்தைப் பார்த்தார். பிறகு டீயை அங்கே வைத்தார்.